பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…

ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் தலைவராக எட்சல் ஃபோர்டு 1919-ல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 25. 1943-ல், 49 வயதில் இறக்கும்வரை அந்தப் பதவி அவரிடம்தான் இருந்தது. கம்பெனியில் 40 சதவீதத்துக்கும் மேலான பங்கு அவர் பெயரில். ஆள் சோடையும் இல்லை. மாடல் ஏ காரின் தோற்றமும் லிங்கன் கார்களின் அழகும் அவர் ரசனையில் வந்தவை. நிறுவனர் ஹென்றி ஃபோர்டின் ஒரே மகன், சின்ன வயதிலிருந்தே தொழிற்சாலைப் பழக்கம், பதவி, பங்கு, இருபத்து நான்கு வருட அவகாசம் என்று காகிதத்தில் எல்லாமே சரியாக இருந்தது. திரவ அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறுவோம் என்று எட்சல் கேட்டுக்கொண்டே இருந்தார். பெரிய போட்டியாளர்கள் எல்லாரும் மாறிய பிறகு, 1939 மாடலில்தான் ஃபோர்டு கார்களுக்கு அது வந்தது. காரணம், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தொழிற்சாலைக்குள் செல்லுபடியான அதிகாரம் ஹாரி பென்னெட் என்பவருடையது. அவர் பாதுகாப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர்; கார் வடிவமைத்தவரோ விற்றவரோ இல்லை. ஹென்றி ஃபோர்டிடம் நேரடியாகப் போய்ப் பேசலாம் என்பதுதான் அவருடைய பலமெல்லாம்.

குடும்பத் தொழிலில் வாரிசுப் பேச்சு வந்தாலே ‘யார்’ என்ற கேள்வியில் ஆரம்பித்து அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. மூத்தவனா, கெட்டிக்காரனா, மகளா, மருமகனா, வெளியாளா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் கிடைத்ததும் வேலை முடிந்ததாக எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். எட்சல் விஷயத்தில் ‘யார்’ என்பதில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. பொறுப்பு உண்மையிலேயே கைமாறுமா என்பதை வாரிசின் தகுதியைவிட, கொடுத்தவர் அடுத்த திங்கட்கிழமை காலையில் என்ன செய்கிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. அதிலும் ஒரு குறிப்பிட்ட தருணம் இருக்கிறது. அது எல்லாக் குடும்பத் தொழிலிலும் வரும். பாதி இடங்களில் அது வந்து போனதே யாருக்கும் தெரியாது.

கதவருகே நிற்கிற மேனேஜர்

பொறுப்பு மாறி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருடமாகச் சரக்கு கொடுக்கிற ஒரு சப்ளையர் மாதா மாதம் தாமதம் செய்கிறார். மகள் ஆறு மாதப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, பாதி ஆர்டரை வேறொருவருக்கு மாற்றச் சொல்கிறாள். கொள்முதல் மேனேஜருக்கு அதில் உடன்பாடில்லை. எதிர்த்துப் பேசவும் மாட்டார். “சரிங்க மேடம்” என்று தலையாட்டிவிட்டு, இரண்டு கொட்டேஷனைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியவர் அறை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார், பாதி உடம்பு வெளியே இருக்கும். “ஒண்ணுமில்லைங்க ஐயா, மேடம் சொல்லிட்டாங்க, செஞ்சிடலாம். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு…”

இந்த இடத்தில் பெரியவர் என்ன சொல்கிறார் என்பதுதான் எல்லாமே. “கொஞ்சம் பொறுங்க, நான் அவகிட்ட பேசிக்கிறேன்” என்பது அக்கறையாகத்தான் தோன்றும். ஆனால் மேனேஜர் அதிலிருந்து புரிந்துகொள்வது, மகள் சொல்வது முடிவல்ல, முன்மொழிவு என்பதை. “அவ சொன்னா சரிதான், இருந்தாலும் அந்தப் பழைய ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்” என்பது இன்னும் மோசம், ஏனென்றால் அது மரியாதையாகவே மறுக்கிறது. பெருமூச்சு விட்டு “இப்பல்லாம் அவங்க ராஜ்ஜியம்பா” என்று சிரிப்பதும் அதே ரகம். மேனேஜர் சிரிப்பைக் கேட்கமாட்டார், பெருமூச்சைத்தான் கேட்பார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கணக்குப் பிரிவுக்கும் கிடங்குக்கும் சேதி போய்விடும்: கடைசி வார்த்தை இன்னும் பழைய அறையில்தான் இருக்கிறது. அதன் பிறகு அந்த மகள் எத்தனை மீட்டிங் போட்டாலும், எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். செய்வதற்கு முன் வாசலில் வந்து நிற்பார்கள்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “இது அவங்க முடிவு. உங்க சந்தேகத்தை அவங்ககிட்டயே சொல்லுங்க.” சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். கொட்டேஷனை வாங்கிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, நம் மொழியில் மாட்டிக்கொள்கிற விஷயம்: வீட்டில் ‘அவ’, ‘அவன்’ எதுவாகவும் இருக்கட்டும், மேனேஜர் முன்னால் ‘அவங்க’தான். பெற்றவரே ஒருமையில் பேசுகிற இடத்தில், இருபது வருட அனுபவஸ்தர் அந்தப் பிள்ளையைப் பெரிய ஆளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

மகளின் முடிவு தப்பாக இருந்தால்? அங்கேதான் சோதனை. சரியான முடிவை ஆமோதிப்பதற்கு யாருக்கும் பெருந்தன்மை தேவையில்லை. புது சப்ளையரின் முதல் மூன்று லோடில் கழிவுச் சரக்கு கூடுதலாக வருகிறது, நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நஷ்டத்தைக் கணக்குப் போட்டு எழுதிவிடலாம். அவள் முடிவைப் பெரியவர் மாற்றினால் வரும் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. கருத்து வேறுபாட்டைச் சொல்லக் கூடாது என்றில்லை. அதே நாள், தனியாக, கதவை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனால் முடிவை மாற்றுவதாக இருந்தால், மாற்றுகிறேன் என்று ஊழியரிடம் சொல்வது அவள் வாயாக இருக்க வேண்டும்.

எல்லாத் தப்பையும் விட்டுவிடச் சொல்லவில்லை. திருப்பி எடுக்க முடியாதவை சில உண்டு. புதிதாக வாங்குகிற பெரிய கடன், நிலத்தையோ முக்கிய இயந்திரத்தையோ விற்பது, பங்கை வெளியாளுக்குக் கொடுப்பது, மற்றவர் கடனுக்கு நிறுவனத்தை ஜாமீன் நிறுத்துவது. இந்த நாலைந்துக்கு மட்டும் பெரியவரின் கையெழுத்தோ போர்டின் (இயக்குநர் குழுவின்) ஒப்புதலோ வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் இல்லாதது எதுவாக இருந்தாலும் அது புதியவர் முடிவு. பட்டியல் பத்தைத் தாண்டினால் பொறுப்பு கைமாறவில்லை, வேலைப் பளு மட்டும்தான் மாறியிருக்கிறது.

அந்த மேனேஜரைக் கோள்மூட்டி என்று தள்ளிவிடுவது சுலபம். அவருடைய சம்பளம், கௌரவம், மகன் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை, எல்லாம் ஒரே ஒரு மனிதரோடு இருக்கிற பழக்கத்தில் தொங்குகின்றன. அந்த மனிதர் போகிறார் என்றால் தன் இடம் என்ன என்று தெரியாமல் வாசலுக்கு வருகிறார், அவ்வளவுதான். அதனால் பொறுப்பு மாறும் தேதிக்கு முன்பே மூத்த ஊழியர் நாலைந்து பேரிடம் தனித்தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். இனி யாரிடம் பொறுப்பு, சம்பளமும் பதவியும் அடுத்த இரண்டு வருடத்துக்கு என்ன என்று சொல்ல வேண்டும். இதைப் பெரியவரும் புதியவரும் சேர்ந்தே சொன்னால் நல்லது.

வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும்வரை

பெரியவர்கள் விலகாமல் இருப்பதற்கு அதிகார ஆசை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பல இடங்களில் காரணம் அதைவிடச் சாதாரணம். நிறுவனத்தின் அன்றாடச் செலவுக்கு வாங்குகிற நடைமுறை மூலதனக் கடனுக்கு அவர் தனிநபர் ஜாமீன் கொடுத்திருப்பார். குடியிருக்கும் வீட்டின் பத்திரம் வங்கிப் பெட்டகத்தில் இருக்கும். மாதச் செலவு, மருத்துவச் செலவு, கார், போன் பில் எல்லாம் நிறுவனக் கணக்கில் ஓடும். அப்படிப்பட்டவரைப் பார்த்து “நீங்க ஓய்வா இருங்கப்பா” என்றால் எப்படி இருப்பார்? மகன் போடுகிற ஒவ்வொரு கையெழுத்தும் அவர் படுக்கையறைக் கூரையின் மேல் போடுகிற கையெழுத்து. அவர் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்.

ஆகவே பதவி மாற்றத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலை பணம் சம்பந்தப்பட்டது, அதற்கு மூன்று வருடமாவது பிடிக்கும். முதலில் பெரியவருக்கும் அவர் துணைவிக்கும் தொழில் நின்றுபோனாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை நிறுவனத்துக்கு வெளியே சேர்க்க வேண்டும். இன்றைய வீட்டுச் செலவை நிறுவனம் கொடுக்கும் சலுகைகளோடு சேர்த்து எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் அவர்களே நினைத்ததைவிடக் கூடுதலாக வரும். அடுத்து ஜாமீன். வங்கி சும்மா விடுவிக்காது. மாற்று ஈடு கேட்கும், அல்லது புதியவரின் ஜாமீனைக் கேட்கும், இரண்டு மூன்று வருட நல்ல கணக்கைக் காட்டச் சொல்லும். கடன் புதுப்பிக்கும் சமயத்தில் கேட்டால்தான் நடக்கும், நடுவில் கேட்டால் மழுப்புவார்கள். தொழிற்சாலைக் கட்டடம் பெரியவரின் சொந்தப் பெயரில் இருந்தால் பத்து வருடக் குத்தகைப் பத்திரம் எழுதி, சந்தை வாடகையை நிர்ணயிக்க வேண்டும். அது அவருக்கு வருமானம். பின்னால் அந்தக் கட்டடம் தொழிலில் இல்லாத பிள்ளைக்குப் போனாலும் நிறுவனம் தெருவில் நிற்காது.

ஒருவர் இறந்து சொத்து கைமாறும்போது வாரிசு வரி கட்ட வேண்டிய நாடுகளில் இதோடு இன்னொரு சுமை. பங்கு இருக்கும், ரொக்கம் இருக்காது. சாம்சங் குழுமத் தலைவர் லீ குன்-ஹீ 2020-ல் இறந்தபோது குடும்பத்துக்கு வந்த வாரிசு வரி 12 லட்சம் கோடி வோனுக்கும் மேல். அதை ஐந்து வருடத்தில் ஆறு தவணையாகக் கட்ட ஒத்துக்கொண்டார்கள். அந்த அளவு செல்வாக்குள்ள குடும்பத்துக்கே தவணை வேண்டியிருந்தது.

பணத்தை முடித்த பிறகும் மிச்சம் இருப்பது, காலையில் எழுந்தால் எங்கே போவது என்பது. ‘ஆலோசகர்’ என்று ஒரு பதவியைக் கொடுத்துப் பழைய அறையிலேயே உட்கார வைப்பது எனக்குத் தெரிந்து பெரும்பாலும் ஏமாற்று வேலை. அறையை மாற்ற வேண்டும், முடிந்தால் கட்டடத்தையே. வாரத்தில் இன்ன கிழமை, இத்தனை மணி நேரம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேலை, அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தால் அவருக்கும் கௌரவம்: பத்து வருடப் பழைய வழக்கு ஒன்றை முடிப்பது, புதிய இடம் தேடுவது, இந்த மாதிரி.

பிள்ளைக்குத் தகுதியே இல்லை என்றால்?

நியாயமான எதிர்வாதம். வாங் லேபரட்டரீஸ் என்று ஒரு கணினி நிறுவனம் அமெரிக்காவில் இருந்தது. நிறுவனர் ஆன் வாங் 1986-ல் மகன் ஃபிரெட்டைத் தலைவராக்கினார், 1989-ல் அவரே நீக்கினார். 1992-ல் நிறுவனம் திவாலுக்கு மனுப் போட்டது. அவர்கள் விற்ற மினிகணினிகளின், அதாவது அலுவலகங்களுக்கான நடுத்தர அளவுக் கணினிகளின், காலமே முடிந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை, மகன் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. ஆனால் பக்குவம் தெரியாமலே உயரத்தில் உட்கார வைத்தால் இறக்கும்போது எல்லாருக்கும் அடிபடும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான கதை வேண்டாம்.

பக்குவத்தை வீட்டுக்குள் அளக்க முடியாது. மூன்றிலிருந்து ஐந்து வருடம் வெளி நிறுவனத்தில் வேலை, அங்கே ஒரு முறையாவது சொந்த உழைப்பில் பதவி உயர்வு. இதைக் குடும்ப விதியாகவே வைத்துக்கொள்ளலாம். சேரும்போது காலியாக இருக்கிற, ஏற்கெனவே ஒருவர் பார்த்த வேலையில்தான் சேர வேண்டும். அந்த ஆளுக்கென்று புதிதாக உண்டாக்கிய பதவி கூடாது. மேலதிகாரி உறவினராக இருக்கக் கூடாது. ஒரு பிரிவின் லாப நஷ்டத்தை முழுதாகக் கையில் கொடுத்து இரண்டு நிதியாண்டு பார்க்க வேண்டும். வழக்கமாக என்ன நடக்கிறது என்றால், விளம்பரம், புதுக் கிளை, வலைத்தளம் போன்றவற்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, விலை நிர்ணயம், வசூல், சம்பளம், வங்கி நான்கையும் பெரியவர் வைத்துக்கொள்வார். தொழில் என்பது அந்த நான்குதான். மீதியைப் பத்து வருடம் பார்த்தாலும் பழக்கம் வராது. தனியாகக் கையெழுத்துப் போட்டுச் செலவு செய்யும் வரம்பை முதல் வருடம் மாத விற்பனையில் 1 சதவீதம், இரண்டாம் வருடம் 5 சதவீதம் என்று உயர்த்தி, மூன்றாம் வருடம் வரம்பை எடுத்துவிடலாம்.

அப்படியும் தேறவில்லை என்றால் உடைமை வேறு, நிர்வாகம் வேறு என்று பிரிக்கத் தெரிய வேண்டும். டென்மார்க்கின் பொம்மை நிறுவனமான லெகோ பெரிய நஷ்டத்தில் இருந்தபோது, நிறுவனரின் பேரன் கெல் கிர்க் கிறிஸ்டியன்சன் 2004-ல் தலைமை நிர்வாகி பதவியிலிருந்து இறங்கி, குடும்பத்துக்கு வெளியே இருந்த யோர்கன் விக் நுட்ஸ்டார்ப்பை உட்கார வைத்தார். அவருக்கு அப்போது 35 வயது. பங்கு குடும்பத்திடமே இருந்தது. 2020-ல் கெல்லின் மகன் தாமஸ் போர்டின் தலைவரானார், அன்றாட நிர்வாகத்துக்கு வரவில்லை. வெளியாள் வந்தாலும் வாசலில் வந்து நிற்கிற மேனேஜர் இருக்கத்தான் செய்வார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

33.33, 16.67, 11.11

பங்குப் பிரிவினை பற்றித் தனிப் பதிவே எழுதலாம், இங்கே ஒரு கணக்கு மட்டும். நிறுவனருக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு 33.33 சதவீதம். எல்லாருக்கும் சமம், சந்தோஷம். முதல் பிள்ளைக்கு ஒரு வாரிசு, இரண்டாமவருக்கு இருவர், மூன்றாமவருக்கு மூவர். அடுத்த சுற்றில் ஒருவரிடம் 33.33, இருவரிடம் தலா 16.67, மூவரிடம் தலா 11.11. தொழிலை இழுத்துக்கொண்டு போகிறவர் 11.11 வைத்திருக்கும் கடைசிப் பேத்தியாக இருக்கலாம். 33.33 வைத்திருப்பவர் வேறொரு நாட்டில் மருத்துவராக இருக்கலாம். அவரும் ஒரு 16.67-ம் சேர்ந்தால் சரியாக 50; எதிர்ப்பக்கமும் 50. முட்டுக்கட்டை. யாரும் பேராசைப்படவில்லை, சமமாகப் பிரித்ததே காரணம்.

இதற்கு மருந்து கசப்பில்லை, நேரத்தில் சாப்பிட வேண்டும். ஓட்டுரிமையை நடத்துகிறவர் பக்கமும் வருமானத்தை எல்லார் பக்கமும் போகும்படி இரண்டு வகைப் பங்காகப் பிரிப்பது ஒன்று. வேலைக்குச் சந்தைச் சம்பளம், பங்குக்கு டிவிடெண்ட் (லாபப் பங்கு) என்று கோடு கிழிப்பது இரண்டு. வெளியேற விரும்புகிறவரின் பங்கை எந்தச் சூத்திரத்தில் விலை போடுவது என்று, யாரும் வெளியேற விரும்பாத காலத்திலேயே எழுதி வைப்பது மூன்று. கடைசி மூன்று வருட லாபத்தின் சராசரியை ஒத்துக்கொண்ட ஒரு மடங்கால் பெருக்கிக் கடனைக் கழிப்பது எளிய வழி. ஆடிட்டர் இதைவிட நுணுக்கமாகச் சொல்வார், சொல்லட்டும். தொகையை ஐந்திலிருந்து ஏழு வருடத் தவணையில் கொடுப்பதாகவும், ஒரு வருடத் தவணை அந்த வருட லாபத்தில் கால்வாசியைத் தாண்டக் கூடாது என்றும் சேர்க்காவிட்டால், நியாயமாகப் பிரிந்தும் நிறுவனம் ரொக்கமில்லாமல் சாகும்.

‘மூன்றாம் தலைமுறையைத் தாண்டுவது 13 சதவீதம்தான்’ என்று மேடைக்கு மேடை ஒரு கணக்குச் சொல்கிறார்களே, அது ஜான் வார்டு என்பவர் 1987-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. இல்லினாய் மாநிலத்தின் சுமார் 200 உற்பத்தி நிறுவனங்களை 1924 முதல் 1984 வரை பார்த்த கணக்கு. நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போன குடும்பமும் அதில் பிழைக்காத கணக்கில்தான் வரும். ஒரு மாநிலத்தின் அறுபது வருடத்தை உலக நியதியாக்கிப் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. விற்பதும் ஒரு வாரிசுத் திட்டம்தான்.

தலைக்குள் இருக்கிற பேரேடு

பத்திரங்கள் மாறும், சாவிகள் மாறும். மாறாமல் தங்குவது பெரியவர் தலைக்குள் இருக்கிற பேரேடு. எந்த வாடிக்கையாளர் 45 நாள் கெடு கேட்டு 70 நாளில் கொடுப்பார், யாருக்கு எந்த விலையை வாய்மொழியாக ஒத்துக்கொண்டது, எந்த இயந்திரம் எந்தப் பருவத்தில் மக்கர் பண்ணும், யாருடைய பாக்கியைக் கேட்கவே கூடாது, ஏன். முக்கியமான இருபது வாடிக்கையாளர், பத்து சப்ளையரை எடுத்துக்கொண்டு வாரம் ஒருவர் வீதம் ஒலிப்பதிவு செய்து எழுதினால், ஏழு எட்டு மாதத்தில் முடியும். நேரில் அறிமுகம் செய்வதற்கு மூன்று சந்திப்பு. முதலில் பெரியவர் பேசுவார், புதியவர் கேட்பார். இரண்டாவதில் புதியவர் பேச, பெரியவர் சும்மா இருப்பார். மூன்றாவதற்குப் பெரியவர் போகவே கூடாது. அன்று மாலை அந்த வாடிக்கையாளர் போன் செய்து “என்ன, பையன் இப்படிச் சொல்றான்” என்பார். மேனேஜருக்குச் சொன்ன அதே பதில்தான் அவருக்கும்.

அவசரக் கோப்பு ஒன்றும் வேண்டும்: வங்கிக் கணக்குகள், கையெழுத்து உரிமை யார் யாருக்கு, கடன், ஜாமீன், காப்பீடு, உயில் எங்கே இருக்கிறது, கடவுச்சொற்கள், வரிக் கெடு தேதிகள், தலைமை ஆள் திடீரென்று படுத்துவிட்டால் முதல் 30 நாள் யார் பார்ப்பது. வருடா வருடம் கணக்கு முடிக்கும் நாளன்று அதைத் திருத்திப் புதுத் தேதி போட வேண்டும்.

எட்சல் இறந்த பிறகு 79 வயது ஹென்றி ஃபோர்டு மறுபடியும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியும் மருமகளும் சேர்ந்து நெருக்கிய பிறகுதான், 1945 செப்டம்பரில் பேரன் இரண்டாம் ஹென்றிக்கு அதைக் கொடுத்தார். என்ன மாற்றம் செய்தாலும் குறுக்கே வரக் கூடாது என்று முதலிலேயே வாக்கு வாங்கிக்கொண்டுதான் பேரன் உட்கார்ந்தார். வயது 28. உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஹாரி பென்னெட்டை வீட்டுக்கு அனுப்பினார். எல்லாரும் இப்படி ஆளை அனுப்ப வேண்டிய நிலை வரை போக வேண்டியதில்லை. வருடத்தில் இரண்டு வாரம், வேலை மும்முரமான மாதமாகப் பார்த்து, பெரியவர் போனை அணைத்துவிட்டு எங்காவது போகலாம். அந்த 14 நாளில் அவர் இல்லாமல் எதெது நின்றது என்று புதியவர் எழுதி வைக்கட்டும். முதல் வருடம் இரண்டு பக்கத்துக்கு மேல் வரும்.